மழையும் நெரிசலும் சேரும்போது பைக் ஏன் வேறு வண்டியாகிவிடுகிறது?

மழை நாளில் பைக் எடுப்பவருக்கு எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: மெதுவாகப் போ, இடைவெளி விட்டுப் போ. சரி, வண்டிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நகரும் சாலையில் எந்த இடைவெளியை விடுவது? விட்ட மறுநொடியே அதில் ஒரு கார் மூக்கை நுழைத்துவிடும். அப்போது பலரும் அந்த அறிவுரையைக் கைவிட்டு, காய்ந்த சாலையில் ஓட்டுவது போலவே ஓட்ட ஆரம்பித்துவிடுகிறார்கள்.

மழை டயரின் பிடிப்பைப் பறிக்கிறது. நெரிசல் நிற்பதற்கான இடத்தைப் பறிக்கிறது. காய்ந்த சாலையில் நெரிசல் என்றால் பிரேக் கைகொடுக்கும்; காலியான சாலையில் மழை என்றால் தூரம் கைகொடுக்கும். இரண்டும் ஒன்றாக வரும்போது, ஒன்றுக்கு வைத்திருந்த மருந்தை மற்றொன்று பிடுங்கிக்கொள்கிறது. இந்தக் கட்டுரை அதன் கணக்கை அடிப்படையிலிருந்து பார்க்கிறது.

பிடிப்பு என்றால் என்ன?

பைக் டயர் எவ்வளவு பெரிதாகத் தெரிந்தாலும், எந்த நேரத்திலும் தரையைத் தொட்டுக்கொண்டிருப்பது அதில் ஒரு சிறு துண்டுதான், ஏறக்குறைய உள்ளங்கை அளவு. முன்னால் ஒரு உள்ளங்கை, பின்னால் ஒரு உள்ளங்கை. வேகமெடுப்பது, நிறுத்துவது, திரும்புவது எல்லாமே இந்த இரண்டு இடங்கள் வழியாகத்தான் நடக்க வேண்டும்.

தார்ச் சாலை பார்க்கத்தான் வழவழப்பு. கிட்டே குனிந்து பார்த்தால் பொடிக் கற்கள் துருத்திக்கொண்டிருக்கும். ரப்பர் அந்த மேடு பள்ளங்களுக்குள் அமுங்கிப் பற்றிக்கொள்வதைத்தான் பிடிப்பு என்கிறோம். மழை பெய்தால் அந்தப் பள்ளங்களில் தண்ணீர் முந்திக்கொண்டு உட்கார்ந்துவிடும். டயரில் உள்ள வெட்டுகள் அந்தத் தண்ணீரை ஓரத்துக்குத் தள்ளத்தான் இருக்கின்றன. வெட்டு தேய்ந்து மொட்டையான டயருக்குத் தண்ணீரைத் தள்ள வழியில்லை.

பிடிப்பை அளக்கும் எண்ணுக்கு உராய்வுக் கெழு என்று பெயர். காய்ந்த நல்ல தார்ச் சாலையில் அது சுமார் 0.8. நனைந்த சாலையில் சுமார் 0.5. சேறு, எண்ணெய், வழுக்கும் பெயின்ட் என்றால் 0.3, அதற்கும் கீழே.

இந்த எண்களை 50 கி.மீ. வேகத்துக்குப் போட்டுப் பார்ப்போம். அந்த வேகத்தில் வண்டி நொடிக்கு 14 மீட்டர் ஓடுகிறது. ஆபத்தைப் பார்த்து பிரேக்கில் கை வைக்க ஒரு நொடி ஆகிறது என்று வைத்துக்கொண்டால், பிரேக் வேலை செய்யத் தொடங்கும் முன்பே 14 மீட்டர் போய்விட்டது. அதற்குப் பிறகு:

1. காய்ந்த சாலையில் நிற்க 12 மீட்டர். மொத்தம் 26 மீட்டர்.
2. நனைந்த சாலையில் நிற்க 20 மீட்டர். மொத்தம் 34 மீட்டர்.
3. வழுக்கும் பரப்பில் 33 மீட்டர். மொத்தம் 47 மீட்டர்.

பிடிப்பு முழுவதையும் பயன்படுத்தத் தெரிந்த கைக்குத்தான் இந்தக் கணக்கு. பயந்துபோன சாதாரணக் கைக்கு இன்னும் கூடும்.

முதலிரண்டு வரிகளுக்கு நடுவே எட்டு மீட்டர்தானே என்று தோன்றலாம். இப்படிப் பாருங்கள்: காய்ந்த சாலையில் வண்டி முழுதாக நின்றுவிட்ட அதே புள்ளியில், நனைந்த சாலையில் அதே வண்டி இன்னும் மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் போய்க்கொண்டிருக்கும். முன்னால் கார் நின்றிருந்தால் அந்த 30 கி.மீ. வேகத்தோடுதான் போய் மோதும்.

நல்ல செய்தியும் இதே கணக்கில் இருக்கிறது. வேகத்தை 40 ஆகக் குறைத்தால் நனைந்த சாலையில் மொத்தமாக 24 மீட்டரில் நின்றுவிடலாம். அதாவது, காய்ந்த சாலையில் 50-இல் போனால் நிற்பதைவிடக் கொஞ்சம் முன்பே. பிரேக் பிடித்த பிறகு ஓடும் தூரம் வேகத்தின் வர்க்கத்தோடு ஏறி இறங்குவதால், பத்து கி.மீ. குறைத்ததற்கு இவ்வளவு திரும்பக் கிடைக்கிறது.

முதல் தூறல் ஏன் மோசமானது?

கொட்டும் மழையைவிட, பல நாள் வெயிலுக்குப் பிறகு விழும் முதல் தூறல்தான் அதிகம் வழுக்கும். சாலையில் இத்தனை நாள் சொட்டிய எஞ்சின் ஆயில், தேய்ந்த டயர்களின் ரப்பர் தூள், புழுதி எல்லாம் தார் இடுக்குகளில் படிந்திருக்கும். சில துளிகள் விழுந்ததும் இவை ஊறி மேலே வந்து, தண்ணீரோடு குழைந்து ஒரு மெல்லிய பசையாகிவிடும். கழுவிக்கொண்டு போகுமளவுக்குத் தண்ணீர் இன்னும் வந்திருக்காது. நல்ல மழை தொடர்ந்து அடித்த பிறகு பிடிப்பு ஓரளவு திரும்பும்.

ஆனால் பெரும்பாலானோர் நேர்மாறாகச் செய்கிறார்கள். தூறல் ஆரம்பித்ததும் நனைவதற்குள் போய்விடலாம் என்று ஆக்சிலேட்டரை முறுக்குவார்கள். மழை கொட்டிய பிறகுதான் நிதானிப்பார்கள்.

இந்தப் பசை எல்லா இடத்திலும் சமமாக இருக்காது. குறிப்பாகப் பார்க்க வேண்டியவை:

1. சிக்னலுக்கு முந்தைய சில மீட்டர், லேனின் நடுப்பகுதி. கார்கள் நின்று நின்று ஆயில் சொட்டுவது அங்கேதான். சக்கரங்கள் ஓடும் இரண்டு பக்கத் தடங்களும் அதைவிடச் சுத்தம்.
2. வெள்ளைக் கோடுகள், ஜீப்ரா கிராஸிங், அம்புக்குறிகள். பெயின்ட் தார் இடுக்குகளை அடைத்து மூடிவிடுகிறது. கோட்டின் மேல் பிரேக் பிடிக்காமலும் வண்டியைச் சாய்க்காமலும் நேராகக் கடந்தால் ஒன்றும் ஆகாது.
3. இரும்பு: பாதாளச் சாக்கடை மூடி, மேம்பாலத்தின் இணைப்புப் பட்டை, தண்டவாளம். தண்டவாளத்தை முடிந்தவரை செங்குத்தாகக் கடக்க வேண்டும். சாய்வாகப் போனால் முன்சக்கரம் அதன் பள்ளத்தில் இறங்கித் தடம் பிடித்துக்கொள்ளும்.
4. ரவுண்டானாவும் கூர்மையான திருப்பங்களும். டேங்க் நிறைய டீசல் போட்ட லாரி திரும்பும்போது கொஞ்சம் தளும்பிச் சிந்தும். பெட்ரோல் சிந்தினால் சீக்கிரம் ஆவியாகிவிடும். டீசல் அப்படியே கிடக்கும். ஈரச் சாலையில் வானவில் நிறத்தில் ஒரு படலம் மினுங்கினால் அது அழகுக்காக இல்லை.
5. கட்டுமான வேலை நடக்கும் இடத்துக்கு வெளியே லாரிச் சக்கரங்கள் இழுத்து வந்த சேறு. உதிர்ந்த இலைகளும் இந்தப் பட்டியலில்தான்.

தண்ணீர்ப் படலத்தின் மேல் டயர் மிதந்துவிடும் என்ற பயம் பலருக்கு உண்டு. விமான டயர்களை வைத்து நாசா செய்த ஆய்விலிருந்து வந்த ஒரு தோராயச் சூத்திரம் இருக்கிறது. அதன்படி 30 பி.எஸ்.ஐ. காற்றுள்ள டயர் மிதக்கத் தொடங்குவது சுமார் 90 கி.மீ. வேகத்தில். பைக் டயர் குறுகலாகவும் உருண்டையாகவும் இருப்பதால் தண்ணீரைப் பிளந்துகொண்டு போவது அதற்கு இன்னும் எளிது. ஆக, நெரிசலில் இதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், மொட்டை டயராக இல்லாத வரை. மழைக்காலத்தில் காற்றைக் குறைத்தால் பிடிப்பு கூடும் என்பது தவறான நம்பிக்கை. அழுத்தம் குறைந்தால் டயர் மிதக்கும் வேகமும் குறையும், வெட்டுகளும் நெருங்கி மூடிக்கொள்ளும். தயாரிப்பாளர் சொன்ன அளவிலேயே காற்று இருக்கட்டும்.

டயரின் வயதும் முக்கியம். பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்று இருந்தால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் தயாரானது. வெட்டு நன்றாக இருந்தாலும், பல வருடம் கிடந்து இறுகிப்போன ரப்பர் ஈரத்தில் கல்லைப் போலத்தான் நடந்துகொள்ளும்.

பிரேக்: எதை, எவ்வளவு, எப்படி?

மழையில் முன் பிரேக்கைத் தொடவே கூடாது என்று சொல்லிக்கொடுப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இந்த அறிவுரை ஒரு விழுதலைத் தவிர்க்கப் போய் ஒரு மோதலைக் கொண்டுவரும். காரணம் எடை நகர்வு. பிரேக் பிடித்ததும் வண்டியின் பாரம் முன்சக்கரத்துக்குச் சாய்கிறது, பின்சக்கரம் லேசாகிறது. அதனால் நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு முன் பிரேக்குடையது. ஈரத்தில் அவ்வளவு வேகமாக நிற்க முடியாது, ஆகவே பாரமும் அவ்வளவு சாயாது. அதனால் பின் பிரேக்கின் பங்கு காய்ந்த சாலையைவிடக் கூடுகிறது. ஆனாலும் முன் பிரேக்கை விட்டுவிட்டால் இருக்கிற நிறுத்தும் சக்தியில் பெரும்பகுதி வீணாகிவிடும்.

பிரச்சினை முன் பிரேக்கில் இல்லை, அதைப் படக்கென்று பிடிப்பதில் இருக்கிறது. பாரம் முன்னால் வந்து சேர ஒரு கணம் தேவை. அதற்கு முன்பே லீவரை இறுக்கிப் பிடித்தால், பாரமில்லாத முன்சக்கரம் சுழல்வதை நிறுத்திவிடும். முன்சக்கரம் பூட்டிக்கொண்டால் வண்டி நேராக நிற்காது. கண் இமைப்பதற்குள் கீழே கிடக்கும். பின்சக்கரம் பூட்டினால் வால் ஆடும், சமாளிக்க ஓரளவு நேரம் கிடைக்கும். வரிசை இதுதான்:

1. ஆக்சிலேட்டரை மெதுவாக விடுங்கள். சட்டென்று விட்டாலும் பின்சக்கரம் இழுபடும்.
2. இரண்டு பிரேக்கையும் லேசாகத் தொடுங்கள். முன்சக்கரத்தைத் தாங்கும் ஸ்பிரிங் கால்கள், அதாவது முன் ஃபோர்க், அமுங்குவது கையில் தெரியும்.
3. அமுங்கிய பிறகு முன் லீவரைக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள்.
4. கியரை ஒவ்வொன்றாக இறக்கி, கிளட்சை மெல்ல விடுங்கள். இரண்டு கியரை ஒரே மூச்சில் இறக்கிக் கிளட்சை விட்டால் அது பின் பிரேக்கை மிதித்ததற்குச் சமம்.

திரும்பும்போது இன்னொரு கணக்கு சேர்கிறது. டயரிடம் உள்ள பிடிப்பு ஒரே சேமிப்பு. திரும்புவதற்கு அதிலிருந்து எடுத்தால், பிரேக்குக்கு மிச்சம் குறையும். காய்ந்த சாலையில் இரண்டுக்கும் போதும், மழையில் போதாது. பிரேக் பிடிக்கும் வேலையை வண்டி நிமிர்ந்திருக்கும்போதே முடித்துவிட்டுப் பிறகு திரும்ப வேண்டும்.

டிஸ்க் பிரேக் நனைந்திருந்தால், பிடித்த முதல் கணத்தில் ஒன்றும் நடக்காதது போல இருக்கும். பேட் தண்ணீரை வழித்ததும் திடீரென்று பிடிக்கும். போதவில்லை என்று நினைத்துக் கை இன்னும் இறுக்கும் நேரமும் அதுதான். ஆகவே நெரிசலில் அவ்வப்போது லீவரை லேசாகத் தொட்டு டிஸ்க்கைத் துடைத்துக்கொள்வது நல்லது. டிரம் பிரேக்குக்குள் தண்ணீர் புகுந்தால் காய இன்னும் நேரமாகும்.

ஏ.பி.எஸ். எதைச் செய்யும், எதைச் செய்யாது?

சக்கரம் பூட்டப்போவதை சென்சார் கண்டுபிடித்ததும், பிரேக் அழுத்தத்தை நொடிக்குப் பலமுறை விட்டுப் பிடிக்கும் அமைப்பு ஏ.பி.எஸ். விற்பனைக்கு வந்த பைக்குகளில் 1988-இல் பி.எம்.டபிள்யூ. கே100-இல்தான் முதலில் வந்தது. ஈரச் சாலையில் இதைவிடப் பயனுள்ள கருவி பைக்கில் வேறில்லை என்றே சொல்லலாம்.

ஆனால் அது இருக்கும் பிடிப்பைத்தான் பயன்படுத்தும், புதிதாகப் பிடிப்பை உண்டாக்காது. 0.5 சாலையை 0.8 ஆக்காது. மேலே சொன்ன 20 மீட்டர் ஏ.பி.எஸ். உள்ள வண்டிக்கும் 20 மீட்டர்தான். அப்புறம், பல சிறிய பைக்குகளில் ஏ.பி.எஸ். முன்சக்கரத்துக்கு மட்டுமே உண்டு. பின்சக்கரம் பழையபடி பூட்டும். சாதாரண ஏ.பி.எஸ். வண்டி எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பதை அறியாது. வளைவில் காப்பாற்ற, சாய்வை அளக்கும் வேறு வகை வேண்டும். லீவர் துடிப்பது கையில் தெரிந்ததும் பயந்து விட்டுவிடுபவர்கள் உண்டு. விடக் கூடாது, அந்தத் துடிப்புதான் அது வேலை செய்யும் அடையாளம்.

நெரிசல் பறிக்கும் இடம்

முன்னால் போகும் வண்டி ஒரு கம்பத்தைக் கடந்த பிறகு, நாம் அதே கம்பத்தைக் கடக்க இரண்டு நொடியாவது ஆக வேண்டும் என்பது பொதுவான விதி. மழையில் நான்கு நொடி. நெரிசலில் நான்கு நொடி என்பது சிரிப்பை வரவழைக்கும். ஆனால் இடைவெளி விட்டால் எல்லோரும் உள்ளே புகுந்துவிடுவார்கள், போய்ச்சேரவே முடியாது என்ற பயத்தைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு வண்டி முன்னால் நுழைந்தால் நாம் இழப்பது, அதற்குப் பின்னால் மறுபடி இடைவெளி விட ஆகும் நேரம் மட்டுமே: இரண்டு, மூன்று நொடி. பயணம் முழுக்க இருபது வண்டி நுழைந்தாலும் ஒரு நிமிடம். ஒரு சிவப்பு சிக்னல் இதைவிட அதிகம் எடுத்துக்கொள்ளும்.

முழு இடைவெளி கிடைக்காதபோது அதற்குப் பதிலாகச் சில விஷயங்கள் இருக்கின்றன. முதலாவது பார்வை. முன்னால் இருக்கும் காரின் பிரேக் விளக்கைப் பார்த்து நிற்பவருக்கு அந்த ஒரு காரின் அவகாசம்தான் கிடைக்கும். அந்தக் காரின் கண்ணாடி வழியாகவும் பக்கவாட்டிலும் அதற்கு முன்னால் உள்ள இரண்டு, மூன்று வண்டிகளைப் பார்ப்பவருக்கு இன்னும் ஓரிரு நொடி கூடுதலாகக் கிடைக்கும். இதனால்தான் பஸ், லாரிக்கு நேர் பின்னால் போவது கெட்ட இடம்: முன்னால் எதுவும் தெரியாது, சக்கரம் வாரியடிக்கும் தண்ணீர் முகத்தில், அது மறைத்திருந்த பள்ளம் கடைசி நொடியில்.

இரண்டாவது, லேனில் நிற்கும் இடம். முன்னால் உள்ள காரின் நட்டநடுவே போகாமல் ஒரு சக்கரத் தடத்தில் போனால், நிற்க முடியாமல் போகும் நேரத்தில் பக்கத்தில் ஒதுங்க வழி இருக்கும். தடம் அமுங்கித் தண்ணீர் தேங்கியிருந்தால் மட்டும் அதிலிருந்து விலகலாம்.

பின்னால் வருபவரை மறந்துவிடுகிறோம். அவருக்கும் அதே ஈரச் சாலைதான், வண்டி நம்முடையதைவிடப் பல மடங்கு கனம், கண்ணாடியில் வைப்பர் ஓடிக்கொண்டிருக்கிறது. நாம் சட்டென்று நின்றுவிட்டால் அவரால் நிற்க முடியாமல் போகலாம். நிற்பதற்கு முன்பே பிரேக்கை லேசாகத் தொட்டு விளக்கை இரண்டு முறை மினுக்குவது, நின்ற பிறகு முதல் கியரிலேயே வைத்து மிரரைப் பார்ப்பது, பின்னால் ஒரு வண்டி நிற்கும் வரை முன்னால் உள்ள காரை ஒட்டாமல் இருப்பது. இவ்வளவுக்கும் செலவு எதுவும் இல்லை.

வண்டிகளுக்கு நடுவே நுழைந்து போகலாமா?

இது நாட்டுக்கு நாடு சட்டம் மாறும் விஷயம். ஆய்வு என்ன சொல்கிறது என்று பார்ப்போம். கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாக ஆய்வாளர்கள் கிட்டத்தட்ட 6,000 மோட்டார் சைக்கிள் விபத்துகளை ஆராய்ந்து 2015-இல் வெளியிட்ட முடிவு இது: சுற்றியுள்ள போக்குவரத்து 80 கி.மீ. வேகத்துக்கு மேல் போகாமலும், பைக் அதைவிட 24 கி.மீ.க்கு மேல் வேகமாகப் போகாமலும் இருந்தால், நடுவே நுழைந்து போவது ஒப்பீட்டளவில் பாதுகாப்பானது. வேக வித்தியாசம் அதைத் தாண்டினால் காயங்கள் கூடுகின்றன.

இந்த எண்ணை மழைக்கு அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. அது மழை குறைந்த ஊரின் கணக்கு. ஈரத்தில் நிற்கும் தூரம் கூடுவதோடு, வண்டிகளுக்கு நடுவே ஓடுவது பெரும்பாலும் லேன் கோட்டின் மேல்தான். அதாவது இருப்பதிலேயே வழுக்கும் பட்டையின் மேல், இரண்டு பக்கமும் ஒதுங்க இடமில்லாமல், துளி படர்ந்த மிரர்களில் நம்மைப் பார்க்காத ஓட்டுநர்களுக்கு நடுவே. மழையில் வண்டிகள் முழுதாக நின்றிருக்கும்போது மட்டும், நடக்கும் வேகத்தில், கோட்டை விட்டு விலகிப் போகலாம் என்பதே நியாயமான எல்லை. அப்போதும் நின்ற காரின் கதவு திறக்கும். மழைக்கு ஓடும் ஆள் பஸ்ஸுக்கு முன்னாலிருந்து வெளிப்படுவார்.

பார்ப்பதும் பார்க்கப்படுவதும்

அமெரிக்க ஆய்வாளர் ஹாரி ஹர்ட் தலைமையில் லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளைச் சம்பவ இடத்துக்கே போய் ஆராய்ந்த அறிக்கை 1981-இல் வந்தது. அதில் 98 சதவீத விபத்துகளில் வானிலைக்குப் பங்கில்லை என்று ஒரு வரி உண்டு. இதைக் காட்டி மழை ஆபத்தில்லை என்று வாதிடுபவர்கள், அந்த ஊரில் எவ்வளவு மழை பெய்கிறது என்பதையும் மழையில் எத்தனை பேர் பைக் எடுப்பார்கள் என்பதையும் கேட்பதில்லை. அதே அறிக்கையின் இன்னொரு முடிவுதான் நமக்கு முக்கியம்: மற்றொரு வண்டியோடு நடந்த மோதல்களில் மூன்றில் இரண்டில், அந்த மற்ற வண்டிதான் பைக்குக்கு வழிவிடாமல் குறுக்கே வந்தது. பைக்கைப் பார்க்கவே இல்லை என்பதே பெரும்பாலான ஓட்டுநர்களின் பதில். நல்ல வெயிலிலேயே இந்த நிலை. மழையில் பைக்கின் ஒற்றை விளக்கு பின்னால் வரும் கார்களின் விளக்குகளோடு கரைந்துவிடும். கறுப்பு மழைக்கோட்டு போட்டவர் ஈரத் தாரோடு ஒன்றாகிவிடுவார். பளிச்சென்ற மஞ்சளோ ஆரஞ்சோ, ஒளியைத் திருப்பும் பட்டையோடு, அதன் விலைக்கு மேல் வேலை செய்யும்.

நம் பார்வைக்கு வருவோம். மூச்சின் ஈரம் ஹெல்மெட் வைசரின் உள்பக்கம் படிந்து புகைமூட்டமாகிவிடும். வைசரை ஒரு விரல் அகலம் திறந்து வைப்பது, கீழ்நோக்கி மூச்சு விடுவது, உள்ளே இரண்டாவது மெல்லிய தகடு பொருத்துவது எல்லாம் உதவும். கீறல் விழுந்த வைசரில் ஒவ்வொரு துளியும் எதிர்விளக்கை நட்சத்திரமாகச் சிதறடிக்கும். இரவில் கறுப்பு வைசர் பற்றிப் பேசவே வேண்டாம். பார்ப்பதற்கு அரை நொடி தாமதமானால் 50 கி.மீ. வேகத்தில் இன்னும் 7 மீட்டர் போய்விடுகிறது. மழை பிடிப்பில் பறித்ததற்கு ஏறக்குறைய சமம்.

தொளதொள மழைக்கோட்டு வேறு வகை ஆபத்து. பின்னால் பறக்கும் அதன் நுனி சங்கிலியிலோ சக்கரத்திலோ சுற்றினால் ஆளையே இழுத்துப் போடும். சட்டையும் பேன்ட்டுமாகத் தைத்தது மேல்.

தேங்கிய தண்ணீர்

தேங்கிய தண்ணீருக்கு அடியில் சாலை இருக்கும் என்று நம்புவதுதான் முதல் தவறு. பள்ளம் இருக்கலாம், மூடியில்லாத சாக்கடை இருக்கலாம். முன்னால் ஒரு கார் போகும் வரை காத்திருந்து அதன் சக்கரம் போன தடத்தில் போவது நல்லது. தண்ணீர் சுழன்று ஓரிடத்தில் இறங்கினால் அங்கே திறந்த வாய் இருக்கிறது. ஓடும் தண்ணீர் என்றால் 15 செ.மீ. ஆழமே நடப்பவரின் காலை வாரப் போதும். பைக்கை இறக்கக் கூடாது.

இறங்கியே ஆக வேண்டுமென்றால் முதல் கியரில், ஒரே சீராக, நடுவில் ஆக்சிலேட்டரை விடாமல் போக வேண்டும். எஞ்சின் காற்று இழுக்கும் வாய் மூழ்கும் ஆழம் என்றால் திரும்பிவிடுவதே வழி. அங்கே புகும் தண்ணீர் சிலிண்டருக்குள் போனால், காற்றைப் போல அமுங்காது. மேலே வரும் பிஸ்டன் அதில் முட்டி இணைப்புத் தண்டு வளைந்துபோகும். தண்ணீரில் நின்றுபோன வண்டியை ஸ்டார்ட்டரை அமுக்கி அமுக்கிக் கிளப்பப் பார்ப்பதில்தான் இந்தச் சேதம் பெரும்பாலும் நடக்கிறது. தள்ளிக்கொண்டு மேட்டுக்கு வந்து, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றித் தண்ணீரை வெளியேற்றிய பிறகுதான் ஸ்டார்ட்டரைத் தொட வேண்டும்.

நிறுத்துவது என்றால் எங்கே?

வைசர் வழியாக மூன்றாவது காரின் விளக்கு தெரியவில்லை, அல்லது குளிரில் விரல்கள் விறைத்து லீவரின் அழுத்தம் உணர முடியவில்லை என்றால் ஓட்டுவதை நிறுத்த வேண்டும். நிறுத்தும் இடம்தான் அடுத்த கேள்வி. மழை வலுத்ததும் பைக்குகள் மேம்பாலத்துக்கு அடியில் குவியும். முதலில் ஓரத்தில் ஒரு வரிசை, பிறகு இரண்டாவது, கடைசியில் லேன் பாதி அடைபட்டு நிற்கும். வெளிச்சத்திலிருந்து பாலத்தின் இருட்டுக்குள் நுழையும் லாரி ஓட்டுநருக்கு, கண் பழகும் முன்பே எதிரில் விளக்கணைத்த பைக்குகளும் முதுகு காட்டி நிற்கும் ஆட்களும். நனைந்து பிடிப்பு 0.5-க்கு இறங்கிய சாலையில் அவர் பிரேக் பிடிக்க வேண்டும். நிற்பதானால் சாலையை விட்டு முழுதாக வெளியே: பெட்ரோல் பங்க், கட்டடத்தின் முன்வெளி, சர்வீஸ் சாலையின் உள்பக்கம். பாலத்தடியைத் தவிர வேறு இடமே இல்லையென்றால், இண்டிகேட்டரை எரியவிட்டு, வண்டியைத் தூணுக்கு அந்தப் பக்கம் ஏற்றி நிறுத்தி, ஆட்களும் தூணுக்குப் பின்னால் போய் நிற்க வேண்டும்.